அழகாகப் பொருந்திய கோடு

நான் ஓய்வு பெற்ற பிறகும் உங்களில் சிலர் எனக்கு உங்கள் கணக்கின் வரைபடத்தை அனுப்புகிறீர்கள். "மேடம் பாருங்க, கோடு புள்ளிங்க மேல அப்படியே உக்காந்துடுச்சு!" கூடவே ஒரு பட்டாசு, ஒரு கைகூப்பு எமோஜி. சந்தோஷம்தான், திட்டவில்லை. ஆனால் அந்த மாதிரிப் படம் வந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. வீட்டுக்குள் முன்னும் பின்னும் நடக்க ஆரம்பித்துவிடுவேன். "தரை தேயுது அண்ணி, செத்த உக்காருங்க" என்பாள் என் தம்பி மனைவி. எங்கே உட்காருவது?

இதற்கெல்லாம் காரணம் வாணி. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள், எலக்ட்ரானையும் ஃபோனானையும் கணினிக்குள் விட்டு ஆட்டிப் பார்க்கப் போகிறீர்கள். சமன்பாடு சொல்லித்தர உங்களுக்கு ஆள் இருக்கிறது. நான் சொல்ல வந்தது ஒரு பகல் பொழுதைப் பற்றி மட்டும்.

வாணியின் அப்பாவுக்குச் செஞ்சி பஜாரில் எவர்சில்வர் பாத்திரக்கடை. வாணி வேறு ஊரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். உதவித்தொகைக் காலம் முடிந்தது, விடுதியில் அறையைக் காலி செய் என்றார்கள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கடைக்கு மேலே டிபன் கேரியர் அட்டைப்பெட்டிகளை ஒரு பக்கமாகத் தள்ளி ஒரு மேசை போட்டு உட்கார்ந்தாள். எனக்கு அவள் மாணவி இல்லை. அவளுடைய நெறியாளர் என்னோடு வேலை பார்த்தவர். அவள் ஓட்டிக்கொண்டிருந்த நிரல் ஒரு காலத்தில் நான் எழுதியது. நானும் செஞ்சியில்தான் இருக்கிறேன் என்று தெரிந்ததும் பிடித்துக்கொண்டாள். பால் வாங்கப் போனாலும் கேள்வி, ரேஷன் கடை வரிசையில் நின்றாலும் கேள்வி. அவளைத் தவிர்க்க வேண்டுமென்றால் ஊரைவிட்டே போக வேண்டும்.

அவள் என்ன செய்கிறாள் என்று அவள் அப்பாவுக்கு ஒருநாள் நான்தான் சொல்ல வேண்டி வந்தது. கல்லாவில் இருந்தபடியே கேட்டார்.

"மேடம், இவ இன்னாதான் படிக்கிறா? கேட்டா, நைனா உனக்குப் புரியாதுன்றா."

"புரியும் அண்ணே. ஒரு பொருள் மேல லேசர அடிக்கிறோம். அந்தச் சூடு மொதல்ல எலக்ட்ரானுக்குத்தான் போவுது. அது அனலா கொதிக்கும்போதும் அணுவெல்லாம் ஜில்லுனு நிக்கும். அப்புறமாத்தான் எலக்ட்ரான் தன் சூட்டை அணுங்களுக்குக் குடுக்கும். அணுங்க ஆட ஆரம்பிக்கும்."

"அப்ப ஒரே பொருளுக்கு ரெண்டு சூடா?"

"கொஞ்ச நேரத்துக்கு, ஆமா."

"எவ்ளோ நேரம்?"

"நீங்க ஒரு தடவை கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள கோடிக்கணக்கான தடவை முடிஞ்சிடும்."

அவர் என்னையே பார்த்தார். "அதுக்கா மேடம் ஆறு வருஷமா படிக்கிறா?"

மாடிப்படியில் நின்றிருந்த வாணி தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு வந்த சிரிப்பில் கையிலிருந்த தூக்குச்சட்டி நழுவிவிட்டது.

அணுக்களின் அந்த ஆட்டத்தைத்தான் நாம் ஃபோனான் என்கிறோம். என் பழைய நிரலில் இரண்டே வெப்பநிலைகள்தான் உண்டு. எலக்ட்ரான்களுக்கு ஒன்று, ஆடும் அணுக்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்று. முன்னதிலிருந்து பின்னதற்குச் சூடு எவ்வளவு வேகமாகக் கைமாறுகிறது என்பதை ஒரு எண் சொல்லும். கப்ளிங் எண் என்போம். சாதாரண உலோகங்களுக்கு இந்த ஏற்பாடு போதும். வாணியின் பொருள் சாதாரண உலோகம் இல்லை. ஒரே அடுக்கு அணுக்களால் ஆன படலம், ஒரு நுண்ணிய துளையின் மேல் தப்பட்டைத் தோல் மாதிரி இழுத்து ஒட்டியது. அதை உலையில் வளர்த்து உருவாக்கிய பெண் வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். அவள் பயன்படுத்திய உலையை இடம் மாற்றுவதற்காகக் கழற்றிப் போட்டிருந்தார்கள். ஆகவே இருந்தது ஒரே ஒரு படலம்தான். அது கிழிந்தால் இன்னொன்று கிடையாது.

அந்தப் படலத்தைப் பலமான லேசர் துடிப்பால் அடித்துப் பார்க்க வேறொரு நகரத்திலுள்ள ஆய்வகத்தில் ஒரு மதியம் மட்டும் இடம் கொடுத்திருந்தார்கள். அவள் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் அந்த மதியத்தை நம்பித்தான் இருந்தது. ஆய்வேட்டைக் கொடுக்கும் கெடுவும் நெருங்கிவிட்டது. அத்தியாயம் இல்லையென்றால் பட்டம் இல்லை. ஆறு வருடமும் போச்சு.

எவ்வளவு பலமாக அடிக்கலாம் என்று சொல்ல வேண்டியது வாணியின் கணக்கு. அவள் சொல்லிவிட்டாள், அறிக்கையும் அனுப்பிவிட்டாள். "இந்தப் பலத்தில் அடித்தாலும் அணுக்களின் வெப்பநிலை ஆபத்தான அளவுக்குக் கீழேதான் இருக்கும்" என்று எழுதி, கூடவே ஒரு படமும் போட்டிருந்தாள். முன்பு மெல்லிய துடிப்பில் எடுத்த அளவீடுகள் புள்ளிகளாக, அவளுடைய கணக்கு கோடாக. அப்படி ஒரு பொருத்தம்! கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்தப் படத்தை அவள் எனக்குக் காட்டியது அன்று காலையில்தான். மதியம் லேசர். வாழ்த்து வாங்கத்தான் கூப்பிட்டாள், பாவம்.

என்னோடு இன்னொரு ஆளும் வேலை பார்த்தார். எரிச்சல் பிடித்த மனுஷன், தேநீர் கொடுத்தால்கூடக் குறை சொல்லித்தான் குடிப்பார். யார் என்ன படம் காட்டினாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "கணக்கு தப்பா இருந்தாலும் இந்தக் கோடு இப்படித்தான் வருமா?" அவரைக் கண்டாலே நாங்கள் பாதை மாறிப் போவோம். ஆனால் அந்தக் கேள்வி மட்டும் ஆளை விடவே விடாது. அன்றைக்கும் அதை மனதில் வைத்துத்தான் கேட்டேன்.

"வாணி, இந்தக் கோட்டுக்கு கப்ளிங் எண் எவ்வளவு வச்சே?"

சொன்னாள். அணு மட்டத்தில் முறையாகக் கணக்கிட்டால் வரும் எண்ணில் அது கால்வாசிகூட இல்லை.

"ஏன் இவ்வளவு கம்மி?"

"அப்படி வச்சாத்தான் மேடம் பொருந்துது. அடிக்குறிப்புல எழுதியிருக்கேனே, படலத்துல இருக்கிற அழுக்கு காரணமா இருக்கலாம்னு."

பிள்ளைகளா, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். இந்தத் தப்பை மளிகைக்கடைக்காரர் செய்ய மாட்டார், மேஸ்திரி செய்ய மாட்டார். நம்மைப் போன்ற மாடல் போடுகிறவர்கள் மட்டும்தான் செய்வோம். கோடு பொருந்தும்வரை ஒரு எண்ணைத் திருகுவோம். பொருந்திய பிறகு அந்த எண் நம்பும்படியாக இல்லை என்று தெரிந்தால் அடிக்குறிப்பில் ஒரு சாக்கு எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். அந்தச் சாக்கை நாமே திரும்பப் படிப்பதில்லை.

"அழுக்கு இருந்தா எலக்ட்ரான் சீக்கிரம் ஆறுமா, மெதுவா ஆறுமா?" என்று கேட்டேன்.

அவள் அந்த அடிக்குறிப்பை மறுபடி படித்தாள். அழுக்கு இருந்தால் சூடு இன்னும் வேகமாகத்தான் கைமாறும், எண் கூடத்தான் வேண்டும். அவள் எண்ணோ குறைந்திருந்தது.

"மேடம், இன்னும் நாலு மணி நேரத்துல லேசர். இப்ப வந்து..."

"இப்பத்தானே காட்டுன!"

குரலை உயர்த்தினேன், ஒத்துக்கொள்கிறேன். கீழே பாத்திரம் பார்த்துக்கொண்டிருந்த அம்மாக்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். "இன்னா சத்தம் மேல?" என்று அவள் அப்பா கேட்டார். "ஒண்ணுல்ல நைனா" என்றாள் இவள்.

எனக்கு என்ன சந்தேகம் என்றால், எலக்ட்ரான்கள் சூட்டை எல்லா ஆட்டத்துக்கும் சமமாகக் கொடுக்கவில்லை. அணுக்கள் பல விதமாக ஆடும். அதில் ஒன்றிரண்டு ஆட்டங்களுக்கு மட்டும் அள்ளிக் கொடுக்கின்றன, மற்றவை சும்மா நிற்கின்றன. அந்த ஒன்றிரண்டும் கொதித்துப்போனால் எலக்ட்ரானின் சூட்டை மேற்கொண்டு வாங்காது. அதனால்தான் எலக்ட்ரான் மெதுவாக ஆறுகிறது, அதனால்தான் அவளுக்கு எண் குறைவாகத் தேவைப்பட்டது. பஜாரில் ஒரே ஒரு கடை பற்றி எரியும்போது தெரு முழுவதற்கும் சராசரி எடுத்தால் கொஞ்சம் வெக்கையாக இருக்கிறது, அவ்வளவுதான் என்று கணக்கு சொல்லும். எரிகிற கடைக்காரனிடம் போய் அதைச் சொல்ல முடியுமா? எரிகிற அந்த ஆட்டம் அணுக்களின் பிணைப்பை இழுக்கிற ஆட்டமாக இருந்துவிட்டால் படலம் கிழியும். அவள் அறிக்கை சொன்ன பலத்தில் முதல் அடியிலேயே கிழியும்.

ஆனால் இது சந்தேகம் மட்டுமே. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனி வெப்பநிலை வைத்து முழுக் கணக்குப் போட வாரங்கள் ஆகும். எங்களிடம் இருந்தது ஒரு காலைப் பொழுது.

"வேற பலத்துல எடுத்த அளவு ஏதாவது இருக்கா?" என்றேன்.

"ஒண்ணு இருக்கு. இதைவிடக் கொஞ்சம் கூட பலம். ஆனா ஒரே இரைச்சல் மேடம், புள்ளிங்க எல்லாம் சிதறிக் கெடக்கு. அதனால விட்டுட்டேன்."

"எடு அதை. அதே எண் அதுக்கும் சரியா வருதான்னு பாரு. எண் ஒண்ணுன்னா நீ சொல்றதுதான் சரி, நான் வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போறேன். பலத்துக்குப் பலம் எண் மாறுச்சுன்னா அது பொருளோட எண்ணே இல்ல."

அவள் உட்கார்ந்தாள். நான் நடந்தேன். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நடக்க இடமில்லை, அப்படியும் நடந்தேன். கரெண்ட் போய்விட்டது. மின்விசிறி நின்றதும் தகரக் கூரையின் அனல் அப்படியே தலைமேல் இறங்கியது. மடிக்கணினியில் சார்ஜ் எத்தனை நேரம் தாங்குமோ தெரியவில்லை. கேட்டால் அதற்கும் சண்டை வரும் என்று கேட்கவில்லை. அறுவடைக் காலம், நெல் லாரிகள் மார்க்கெட் கமிட்டிக்குப் போக வழியில்லாமல் ரோடு முழுக்க நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. ஜன்னலுக்கு நேரே ராஜகிரிக் கோட்டை மலை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. நான் ஜன்னலுக்கும் படிக்கும் நடுவே அலைந்தேன். அவள் இரண்டு தடவை, "மேடம், ப்ளீஸ்" என்றாள். மூன்றாவது தடவை நான் அலைவதையே கவனிக்கவில்லை. திரையைப் பார்த்தபடி இருந்தாள்.

"என்னாச்சு?"

"மாறுது."

"எந்தப் பக்கம்?"

"இன்னும் கொறையுது. பலம் கூடக் கூட எண் கொறையுது."

இப்போதும் எனக்கு உண்மை என்னவென்று தெரியாது, அதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். ஒன்றிரண்டு ஆட்டங்கள் கொதிக்கின்றன என்பது என் ஊகம். வேறு காரணமாகவும் இருக்கலாம். தெரிந்தது ஒன்றுதான். அவள் அறிக்கையில் கொடுத்த பலத்துக்கு எந்த ஆதாரமும் இல்லை. நெருக்கடியில் நமக்கு முழு விடை கிடைக்காது. எந்தப் பக்கம் தவறினால் மீள முடியும், எந்தப் பக்கம் தவறினால் மீள முடியாது என்பதை மட்டும்தான் பார்க்க முடியும். குறைவாக அடித்து ஏமாந்தால் படலம் மிச்சம். கூட அடித்து ஏமாந்தால் ஒன்றும் மிச்சமில்லை.

வாணி லேசர் ஆய்வகத்துக்குப் போன் போட்டாள். அங்கே பொறுப்பில் இருந்தவர் நல்லவர், ஆனால் அவசரக்காரர். ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது.

"சொல்லும்மா. எல்லாம் ரெடி. நீ கொடுத்த பவர்லயே நேரா ஆரம்பிச்சுடலாம் இல்ல?"

"சார், அந்த பவர் வேணாம். என் கணக்குல தப்பு இருக்கும்னு தோணுது. ரொம்பக் கம்மியா ஆரம்பிச்சு படிப்படியா ஏத்த முடியுமா?"



"தோணுதா? அறிக்கை அனுப்பி எத்தனை நாள் ஆகுது? இங்க பாரும்மா, ஒவ்வொரு படிக்கும் எல்லாத்தையும் திரும்ப அட்ஜஸ்ட் பண்ணணும். படிப்படியா போனா நீ கேட்ட பவருக்கு வர்றதுக்குள்ள உன் நேரம் முடிஞ்சுடும். பின்னாடி வேற குரூப் நிக்குது. அப்புறம் உன் கடைசி அத்தியாயத்துக்கு நான் பொறுப்பில்ல. அரை மணி நேரம் தர்றேன், முடிவு பண்ணிச் சொல்லு."

போன் வைத்தாயிற்று. அவள் என்னைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க மேடம். இன்னா பண்ணட்டும்?"

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அந்தப் போனைப் பிடுங்கி நானே பேசிவிடலாம் என்று கை பரபரத்தது. ஆனால் பட்டம் அவளுடையது. நான் சொல்லி அவள் செய்தால், நேரம் முடிந்து ஒன்றும் கிடைக்காமல் போனால், காலம் முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே நிம்மதியாக இருந்துவிடுவாள். அது அவளுக்கு நல்லதில்லை. "எனக்குத் தெரிஞ்சதெல்லாம் உனக்கும் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன். அங்கே நின்றிருந்தால் கண்டிப்பாகப் பேசியிருப்பேன்.

கீழே அவள் அப்பா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், ஒளிக்காம சொல்லுங்க. பொண்ணுக்கு பட்டம் உண்டா இல்லியா?"

"சாயங்காலத்துக்குள்ள தெரிஞ்சிடும் அண்ணே."

"அவ அழுதாளா?"

"இல்ல."

"அப்ப ரொம்பப் பெரிய விஷயம்தான்" என்றார். "சின்ன விஷயத்துக்குத்தான் அவ அழுவா." வாடிக்கையாளர் ஒருவர் குடத்துக்கு விலை கேட்டார். இவர் காதில் அது விழவேயில்லை.

நான் ரோட்டில் லாரிகளுக்கு நடுவில் புகுந்து நடந்தேன். பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பினேன். ஒரு டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "யம்மா, பாத்துப் போ, உனுக்கு இன்னா டென்ஷன்?" என்றார். சொன்னால் புரியவா போகிறது? திரும்பி வந்து படி ஏறும்போதே அவள் குரல் கேட்டது.

"கம்மியாவே ஆரம்பிங்க சார். நேரம் போனா போவட்டும். ஆமா சார், யோசிச்சுத்தான் சொல்றேன்."

 எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமையைக் காட்டவில்லை. அதற்கு அது நேரமில்லை.

அப்புறம் காத்திருப்பு. முதல் படி முடிந்தது என்று செய்தி வந்தது. இரண்டாவது படி, சரி. மூன்றாவது படி, சரி. வாணி நகத்தைக் கடித்துத் தீர்த்துவிட்டாள். நான் எத்தனை தடவை எழுந்து உட்கார்ந்தேன் என்று எனக்கே தெரியாது. நாலாவது படிக்குச் செய்தி வரவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. பிறகு அவரே கூப்பிட்டார்.

"படலம் போச்சும்மா. கிழிஞ்சுடுச்சு."

"எந்த பவர்ல சார்?"

சொன்னார். அவள் அறிக்கையில் எழுதியிருந்த பலத்தில் அது பாதியைக்கூடத் தொடவில்லை.

"முதல் மூணு படிக்கும் டேட்டா சேவ் ஆயிருக்கா?" என்றாள் வாணி.

"பார்த்துட்டு அனுப்பறேன்" என்று வைத்துவிட்டார். இந்த முறை அவர் குரலில் கோபம் இல்லை.

அந்த டேட்டா வருவதற்குள் நாங்கள் பட்ட பாடு! அவள் அப்பா மதியச் சாப்பாட்டுக்குக்கூட ஷட்டரை இறக்கவில்லை. ஒரு தட்டில் மூன்று டீயோடு மேலே வந்து, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, அவரும் ஒரு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். அவள், "படலம் கிழிஞ்சுடுச்சு நைனா" என்றாள். அவர் டீயைக் கீழே வைத்தார்.  ஆறிப்போன டீயை யாரும் தொடவில்லை.

கரெண்ட் வந்தது. டேட்டாவும் வந்தது. மூன்று படிகளும் இருந்தன, இரைச்சல் இல்லாமல், சுத்தமாக.

வாணி என் பழைய நிரலைத் திறந்தாள். இரண்டு வெப்பநிலைகளோடு ஒரு மூன்றாவதைச் சேர்த்தாள். எலக்ட்ரான்களுக்கு ஒன்று, கொதிக்கிற அந்த ஒன்றிரண்டு ஆட்டங்களுக்கு ஒன்று, மற்ற ஆட்டங்களுக்கு ஒன்று. நான் எழுதிய வரிகளை அவள் அழிக்கும்போது எனக்குக் கொஞ்சம் வலித்தது, பொய் சொல்வானேன். முதல் படிக்கு எண்ணைத் திருகிப் பொருத்தினாள். அது அணு மட்டக் கணக்கு சொன்ன எண்ணுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.  ஒரு கோடு பொருந்துவதெல்லாம் ஒரு பெரிய விஷயமா? இரண்டாவது படியை எடுத்தாள். பிறகு மூன்றாவதை.

நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். பார்க்க முடியவில்லை. லாரிகள் நகர ஆரம்பித்திருந்தன.

"மேடம்."

"சொல்லு."

"அசையல மேடம். மூணுலயும் அதே எண்ணுதான். அசையவே இல்ல."

திரும்பிப் பார்த்தேன். அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. அவள் அப்பா பதறிப்போய் எழுந்துவிட்டார்.

"இன்னாம்மா ஆச்சு? அசையலன்னா இன்னா, நல்லதா கெட்டதா?"

 அவள் என்னைக் கை காட்டினாள். காலையிலிருந்து முதல் தடவையாக நான் ஒரு இடத்தில் உட்கார்ந்தேன்.

"அந்த மூணு அளவே போதும், உங்க பொண்ணுக்கு அத்தியாயம் கெடைச்சிடுச்சு அண்ணே," என்றேன். "அழறதைப் பத்திக் கவலைப்படாதீங்க. இப்ப விஷயம் சின்னதாயிடுச்சு."